ஆய்வேடு வந்த தேதி

திருவண்ணாமலை
16.7.2007

அன்புள்ள நிர்மல் அப்பாவுக்கு,

ராஜமதி எழுதுவது. நானும் பிள்ளைகளும் இங்கே சுகமாக இருக்கிறோம். எத்தியோப்பியாவில் இது மழையும் குளிருமான மாதம் என்று எழுதியிருந்தீர்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட முடிகிறதா, இல்லை இன்னமும் வகுப்பு முடியவே ஆறு மணி ஆகிறதா? இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கத்தான் நினைக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் ரிசீவரை விடுவதில்லை. என் முறை வரும்போது லைன் கட்டாகிவிடுகிறது. அதனால் கடிதம்தான் எனக்குச் சரி.

நிர்மல் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதிலிருந்து சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறான். செங்கம் சாலையில் லாரி ஜாஸ்தி, எனக்கு அவன் திரும்பி வரும்வரை மனசு ஒரு நிலையில் இருப்பதில்லை. சுதர்சனா உங்கள் சட்டை ஒன்றை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால் இல்லை என்கிறாள்.

கல்லூரியில் எனக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. நவம்பரில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். அதற்குள் நூலகத்தில் இருக்கும் எம்.ஃபில். ஆய்வேடுகள், ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகள், பழைய ஆண்டு மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். டிஜிட்டல் களஞ்சியம் என்று பெயர். உலகத்தில் எங்கிருந்தும் யாரும் பார்க்கலாமாம். கம்ப்யூட்டர் துறை கவிநிலா மேடம்தான் சர்வரை அமைத்துக் கொடுத்திருக்கிறார். நல்ல பெண். நான் ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை.

ஆனால் எனக்குத் தலை சுற்றுகிறது. பதினைந்து வருடமாக நான் அறிந்த நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு ஒரு எண், ஓர் அலமாரி, ஓர் இடம். இங்கே முதலில் ‘கம்யூனிட்டி’ என்று ஒன்று. அதற்குள் ‘கலெக்‌ஷன்’. அதற்குள்தான் புத்தகம். அதைப் புத்தகம் என்று சொல்லக் கூடாது, ‘உருப்படி’ என்கிறார் கவிநிலா. ஒரே உருப்படி இரண்டு தொகுப்புகளில் தெரியலாம், ஆனால் ஒரு தொகுப்புக்குத்தான் சொந்தம். அது எப்படி என்று கேட்டேன். ‘பொண்ணு பொறந்த வீட்லயும் இருக்கா, புகுந்த வீட்லயும் இருக்காளே மேடம், அந்த மாதிரி வச்சுக்குங்களேன்’ என்றார். அப்படியானால் அவள் யாருக்குச் சொந்தம் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

படிவத்தைத் தமிழில் போடச் சொன்னார் பிரின்சிபால். நான் ‘கம்யூனிட்டி’க்குச் ‘சமுதாயம்’ என்று எழுதி எல்லாத் துறைக்கும் அனுப்பிவிட்டேன். வரலாற்றுத் துறை, தமிழ்த் துறை என்று துறையின் பெயரை நிரப்ப வேண்டும் என்பது என் எண்ணம். படிவங்கள் திரும்பி வந்தபோது பாதிப் பேர் பி.சி., எம்.பி.சி. என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் சாதிச் சான்றிதழ் நகலையே இணைத்திருந்தார்கள். நம் அட்டெண்டர் அப்பாசாமி, ‘இன்னாம்மா இது, லைப்ரரிக்குமா இடஒதுக்கீடு?’ என்று கேட்டார். சிரித்துவிட்டுப் படிவத்தை மாற்றினேன். இப்போது ‘துறை’ என்று போட்டிருக்கிறோம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பதிவேட்டின்படி நூலகத்தில் 212 ஆய்வேடுகள் இருக்க வேண்டும். 211 கிடைத்துவிட்டன. 87-ஆம் எண் மட்டும் இல்லை. 1994-இல் வந்தது. ‘கீழ்பென்னாத்தூர் வட்டாரக் கழனிப் பெயர்கள்’, எழுதியவர் மு. பொன்னி, வழிகாட்டி நீங்கள். எடுத்துச் சென்றோர் பதிவேட்டில் 3.2.1995 அன்று உங்கள் கையெழுத்து இருக்கிறது. திருப்பிக் கொடுத்த தேதி இல்லை. அப்போது நான் பக்கத்துப் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தேன், அதனால் எனக்குத் தெரியாது. துறை அலமாரியில் வைத்தீர்களா? அங்கே தேடியாயிற்று. ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். ஒன்று குறைந்தால் கணக்கு இடிக்கிறது, வேறொன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அருகன் துணை இருப்பார்.

உங்கள்
ராஜமதி


திருவண்ணாமலை
27.8.2007

அன்புள்ள நிர்மல் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைகளுக்கு எழுதிய பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். சுதர்சனா அங்கே கழுதைகள் தெருவில் வரிசையாகப் போகும் என்று நீங்கள் எழுதியதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள்.

87-ஆம் எண்ணைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். ‘அது எங்கே போனதோ, இல்லை என்று எழுதிவிடு. பழைய எம்.ஃபில். ஏட்டையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்.’ நீங்கள் அப்படி எழுதி அஞ்சலில் போட்ட நாளில் அது என் கைக்கு வந்துவிட்டிருந்தது. நம் வீட்டில்தான் இருந்தது.

ஆகஸ்டு முதல் வாரம் பெய்த மழையில் உங்கள் புத்தக அலமாரிக்குப் பின்னால் சுவர் ஓதம் ஏறிவிட்டது. கரையான் வந்துவிடுமே என்று எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தேன். அடித்தட்டில், உங்கள் பி.எச்டி. தாள்களுக்கு அடியில், பழுப்புக் காகித அட்டை போட்டு ஒன்று இருந்தது. பிரித்தால் நம் கல்லூரி நூலகத்தின் முத்திரை. 12.9.1994. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தொலைந்த ஒன்று கிடைத்துவிட்டது, 212 சரியாகிவிட்டது என்று.

மறுநாள் கொண்டுபோய் ஸ்கேன் செய்தேன். அதன் பிறகு படிவத்தை நிரப்ப வேண்டும். ஒவ்வோர் உருப்படிக்கும் பதினைந்து கட்டங்கள். தலைப்பு, ஆக்கியோர், வழிகாட்டி, பொருள், தேதி என்று போகிறது. இன்ன பொருள் என்று நான்கைந்து சொல் எழுத வேண்டும், தேடுகிறவர்களுக்கு அகப்படுவதற்காக. அதற்காகவே ஒவ்வோர் ஏட்டையும் புரட்டிப் பார்க்கிறேன். இதை மட்டும் புரட்டவில்லை, உட்கார்ந்து படித்தேன். அந்தப் பெண் நூற்று முப்பத்தேழு கழனிகளின் பெயர்களைச் சேர்த்திருக்கிறாள். எந்தப் பத்திரத்திலும் இல்லாத பெயர்கள். நடவு நடுகிற பெண்களிடம் கேட்டு எழுதியிருக்கிறாள். கொக்குத் தூங்கி, மாமியார் மேடு, ரெண்டு படி வாங்கினது, எமன் திரும்பின கழனி என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

அதே வாரத்தில் ஆசிரியர்கள் கட்டுரைகளையும் ஏற்ற வேண்டியிருந்தது. பிரின்சிபால் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். அதில் முதல் பெயரே உங்களுடையது. 1996-இல் வெளியான ‘வட ஆர்க்காட்டுக் கழனிப் பெயர்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை’. அதைத் தட்டச்சுக்கு அனுப்புமுன் நல்ல எழுத்தில் எழுதித் தந்தது நான்தான். மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன், படிக்கப் படிக்க எல்லாம் வந்துவிட்டது. நிர்மலுக்கு அப்போது இரண்டு வயது. அவன் என் மடியில் தூங்குவான், நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். உங்கள் கையில் ஏதோ ஒரு புத்தகம் இருந்தது. பழுப்பு அட்டை. அது என்ன என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

கட்டுரையில் எழுபத்திரண்டு பெயர்கள் இருக்கின்றன. எழுபத்திரண்டும் அந்த ஏட்டில் இருக்கின்றன. அதே வரிசையில். விளக்கங்களில் பல வரிகள் அப்படியே. ஏட்டின் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை, அடிக்குறிப்பில்கூட இல்லை. நான் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

ஒரே ஓர் இடத்தில்தான் வித்தியாசம். ‘பொன்னிக் கழனி’ என்று ஒரு பெயர். பொன்னி ரக நெல் அந்தப் பக்கத்தில் முதலில் பயிரான இடம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஏட்டில் அந்தப் பெண் எழுதியிருப்பது வேறு. ஒரு வருடம் அதில் நெல் வைக்காமல் கடலை போட்டிருந்தார்களாம். கடலை பிடுங்கப் போன அவள் அம்மாவுக்கு அங்கேயே வலி எடுத்து அவள் பிறந்தாளாம். அன்றிலிருந்து ஊரார் அப்படி அழைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாள். இது உங்களுக்கு ஏன் நெல்லாக மாறியது என்று எனக்கு விளங்கவில்லை. படிக்கவில்லையா, நம்பவில்லையா, இல்லை அந்த ஓர் இடம் மட்டும் அவளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று நினைத்தீர்களா?

நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். வழிகாட்டிக்கும் மாணவிக்கும் நடுவில் என்ன ஒப்பந்தம் என்று எனக்கு என்ன தெரியும்? நான் எம்.ஃபில். படித்தவள் இல்லை. அப்படி என்றால் எழுதுங்கள், நிம்மதியாகிவிடுவேன்.

ஏட்டை ஏற்றிவிட்டேன். தேதிக் கட்டத்தில்தான் குழம்பிவிட்டது. முகப்பில் ஜூன் 1994 என்று இருக்கிறது. முத்திரையில் செப்டம்பர். எதைப் போடுவது என்று யோசித்துக்கொண்டே இருந்து, ஒன்றும் போடாமல் பொத்தானை அழுத்திவிட்டேன். உங்கள் கட்டுரை இன்னும் ஏற்றவில்லை. பாதி நிரப்பிய படிவம் அப்படியே நிற்கிறது.

பதில் எழுதுங்கள். போனில் வேண்டாம், பிள்ளைகள் இருப்பார்கள்.

இப்படிக்கு
ராஜமதி


திருவண்ணாமலை
1.10.2007

அன்புள்ள நிர்மல் அப்பாவுக்கு,

நலம். நிர்மலுக்குக் காலாண்டுத் தேர்வில் கணக்கில் குறைந்துவிட்டது. அதைப் பற்றி அவனே எழுதுவான்.

உங்கள் பதிலைப் பலமுறை படித்தேன். தலைப்பைக் கொடுத்தது நீங்கள், எப்படி ஆராய்வது என்று சொல்லித் தந்தது நீங்கள், மாணவர்களின் தரவை வழிகாட்டிகள் பயன்படுத்துவது எங்கும் நடப்பது, அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் உங்கள் பணி உறுதியாகியிருக்காது, இன்று இந்த வீடு இருந்திருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியைப் படித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அதில் பொய் இல்லை. அந்த வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அதனால் உங்கள்மேல் கோபப்படுவதா, என்மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் நான்கு நாட்கள் இருந்தேன்.

ஐந்தாம் நாள் அவளே வந்துவிட்டாள்.

நூலகத்தில் என் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் இளநிலை உதவியாளராக இருக்கிறாளாம். பெயரைச் சொன்னாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று அவளுக்கும் விளங்கியிருக்காது, ‘உக்காருங்க மேடம்’ என்றாள்.

அவள் பகுதி நேரமாக பி.எச்டி.க்குப் பதிய முயன்றுகொண்டிருக்கிறாள். அதே கழனிப் பெயர்கள்தான், இப்போது மாவட்டம் முழுக்க. வேறு ஊரில் ஒரு பேராசிரியர் ஒப்புக்கொண்டிருந்தாராம். போன வருடம் அவர் கையில் உங்கள் கட்டுரை கிடைத்திருக்கிறது. கூப்பிட்டு, இது ஆதிராஜ் சார் எழுதியது, நீ எப்படி உன்னுடையது என்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அப்படி ஒரு கட்டுரை இருப்பதே அவளுக்குத் தெரியுமாம்.

‘நான் காப்பி அடிச்சேன்னு சொல்றாங்க மேடம். தொண்ணூத்தி நாலுலயே குடுத்தேன்னு சொன்னா, அந்தப் புக்கு எங்கன்னு கேக்கறாங்க. எங்கிட்ட இருந்தது ரெண்டாயிரத்தஞ்சு மழையில ஊறிப் போச்சு. யுனிவர்சிட்டில பழசையெல்லாம் கழிச்சுட்டாங்களாம். இங்க ரெண்டு வாட்டி வந்தேன். மிஸ்ஸிங்னு சொல்லிட்டாரு.’ தூரத்தில் நின்றிருந்த அப்பாசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

போன வாரம் யாரோ சொல்லி இன்டர்நெட்டில் தேடியிருக்கிறாள். அவள் ஏடு வந்திருக்கிறது. சந்தோஷத்தில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் ஓடியிருக்கிறாள். அவர் ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினாராம். அந்தத் தாளை என் முன்னால் விரித்தாள். ஆக்கியோர்: மு. பொன்னி. தேதி: 2007.

கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தக் கம்ப்யூட்டர் ஏற்றிய நாளையே தேதியாகப் போட்டுக்கொள்ளும் என்று கவிநிலா பிறகு சொன்னார். எனக்கு அது தெரியாது என்றேன். முதல் மாதமே இதை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததாக அவர் சொன்னபோது, சொல்லியிருப்பார் என்றுதான் எனக்கும் தோன்றியது. 211 ஏடுகளுக்குச் சரியாகத் தேதி போட்டவள் இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் விட்டேன்? என் கை தவறியதா, நானே தவற விட்டேனா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்? உங்கள் 1996-க்கு முன்னால் வேறு ஓர் எண் வந்துவிடக் கூடாது என்று எனக்குள் யாரோ நினைத்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கே தெரியவில்லை.

ஏட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஓரமாகத் தடவிப் பார்த்தாள். பழுப்பு அட்டையைப் பிரித்து முத்திரையைப் பார்த்தாள். ‘இது எங்க மேடம் இருந்துச்சு?’ என்று கேட்டாள்.

ஸ்டோர் ரூமில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அப்பாசாமிகூட அதைச் சொல்லத் தயாராக நின்றார், அவர் முகத்தில் தெரிந்தது. எங்க வீட்டில் இருந்தது, நான் ஆதிராஜ் சாரின் மனைவி என்று சொன்னேன்.

அவள் பழுப்பு அட்டையைத் திரும்ப மடித்துப் போட்டாள். அழுவாள் என்று பயந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. பிறகு, ‘சாரு எனக்கு வீடு வீடா எப்டி கேக்கறதுன்னு சொல்லிக் குடுத்தாரு மேடம். வெயில்ல என்கூட வந்து நின்னாரு. வேற யாரும் வரல. அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது’ என்றாள். எனக்கும் அதேதான் என்று சொன்னேன்.

அவள் போன பிறகு தேதியைத் திருத்தினேன். வெளியான தேதி: ஜூன் 1994. நூலகத்துக்கு வந்த தேதி: 12.9.1994. களஞ்சியத்தில் ஏறிய தேதி: ஆகஸ்டு 2007. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. முத்திரையிட்ட பக்கத்தையும் பழைய பதிவேட்டின் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அதே உருப்படியோடு இணைத்தேன். ஆக்கியோர் கட்டத்தில் அவள். வழிகாட்டிக் கட்டத்தில் நீங்கள். உள்ளது உள்ளபடிதான் போட்டிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்களோ, சரி என்றிருப்பீர்களோ, அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் கட்டுரைக்கு மட்டும் உங்கள் பதில் வேண்டும். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், அதில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதியவர்தான் எழுத முடியும். நான் எழுத முடியாது.

ராஜமதி


திருவண்ணாமலை
3.12.2007

அன்புள்ள நிர்மல் அப்பாவுக்கு,

தீபம் முடிந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. பத்து நாட்கள் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றதால் கல்லூரிக்கு நடந்துதான் போய் வந்தேன். சுதர்சனாவுக்கு சளி பிடித்து, சரியாகிவிட்டது. நீங்கள் அக்டோபர் கடைசியில் போன் செய்தபோது ஏதோ சொல்ல வந்து, ‘அம்மா கிட்ட லெட்டர் போட்டிருக்கேன்னு சொல்லு’ என்று அவளிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அந்தக் கடிதம் வர இருபத்தாறு நாட்கள் ஆனது. அதற்குள் இங்கே பல காரியங்கள் நடந்துவிட்டன. வரிசையாகச் சொல்கிறேன்.

பொன்னி புதிய தாளை அச்செடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பேராசிரியருக்கு நம்பிக்கை வரவில்லை. கம்ப்யூட்டரில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே என்றாராம். பதிவேட்டின் பக்கத்தைப் பார்த்த பிறகு, மூலத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று அவரே ஒரு சனிக்கிழமை வந்தார். 86-ஆம் எண்ணுக்கும் 88-ஆம் எண்ணுக்கும் நடுவில் அப்போதைய நூலகர் கையால் மசியில் எழுதிய வரியைப் பார்த்தார். எடுத்துச் சென்றோர் பதிவேட்டையும் கேட்டார். அதில் உங்கள் கையெழுத்து. கொடுக்காமல் இருக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு மூடி வைத்தார். வெளியே போகும்போது பொன்னியிடம், ‘தப்பு என் மேலதாம்மா, மனசுல வச்சுக்காத’ என்றார். நவம்பர் பதினாறாம் தேதி அவளுக்குப் பதிவு கிடைத்துவிட்டது.

பிரின்சிபாலுக்கு விஷயம் போயிருக்கிறது. கூப்பிட்டு, குழு வருகிற நேரத்தில் எதற்கு இதெல்லாம், உங்க வீட்டுக்காரர் பேரும் கெடும், கல்லூரி பேரும் கெடும், அந்த ஏட்டைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்க முடியாதா என்று கேட்டார். முடியும், அப்படி ஒரு வசதி அதில் இருக்கிறது. மறைக்க மாட்டேன் என்று சொன்னேன். வேண்டுமானால் என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் எடுக்கவில்லை. குழு வந்து பார்த்தது. அவர்கள் பார்த்தது எத்தனை உருப்படிகள் என்ற எண்ணிக்கையை மட்டும்தான்.

அதன் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. உள்ளே படிவமும் இருந்தது. ஆக்கியோர் கட்டத்தில் உங்கள் பெயரை அடித்துவிட்டு மு. பொன்னி என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். கவிநிலாவிடம் காட்டினேன். அச்சில் என்ன பெயர் வந்ததோ அதைத்தான் போட வேண்டும், மாற்றினால் அது இன்னொரு பொய்யாகிவிடும், சொல்ல வேண்டியதைக் குறிப்பில் சொல்லலாம் என்றார். எனக்கு ஒரு பக்கம் ஏமாற்றமாக இருந்தது. ஒரே அடியில் சரிசெய்துவிடலாம் என்று நீங்களும் நினைத்திருக்கிறீர்கள், நானும் நினைத்தேன். முடியாதாம்.

அதனால் நீங்கள் கடிதத்தில் எனக்கு எழுதியிருந்ததிலிருந்து மூன்று வரிகளை எடுத்துக் குறிப்புக் கட்டத்தில் போட்டேன். ‘இக்கட்டுரையில் உள்ள எழுபத்திரண்டு பெயர்களும் விளக்கங்களும் மு. பொன்னி 1994-இல் எழுதிய ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. அப்போது நான் அதைக் குறிப்பிடவில்லை. பொன்னிக் கழனி பற்றி நான் எழுதியது தெரிந்தே எழுதிய தவறு.’ கீழே உங்கள் பெயர். கட்டுரையிலிருந்து ஏட்டுக்கும் ஏட்டிலிருந்து கட்டுரைக்கும் போக வழி வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்திட்ட தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். எழுத மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த மூன்றாவது வரியைத் தட்டும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தெரிந்தே செய்தீர்கள் என்று உறுதியானதற்காகவா, அதை நீங்களே சொல்லிவிட்டதற்காகவா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளுக்கு அருகன் கோயிலில் கொல்லாமை, பொய்யாமை என்று ஐந்து விரதங்களைச் சொல்லிக் கொடுக்கிறேன். களவு செய்யாமை என்ற இடம் வந்தால் குரல் தானாக இறங்கிவிடுகிறது. கேட்காமல் எழுதிக் கொடுத்தவளுக்கு அதில் பங்கு உண்டா இல்லையா என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பொன்னி நேற்று வீட்டுக்கு வந்திருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் அம்மாவையும் கூட்டி வந்தாள். குறிப்பைக் காட்டினேன். பொன்னி படித்தாள், அம்மாவுக்கும் படித்துச் சொன்னாள். அந்த அம்மாள், ‘நெல்லுன்னு எழுதினா எழுதிட்டுப் போறாரு, நான் பெத்தது எனக்குத் தெரியாதா’ என்று சொல்லிவிட்டு, சுதர்சனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னிக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள். போகும்போது வாசலில் நின்று, ‘சாரு எப்ப வருவாரு மேடம்?’ என்று கேட்டாள். திட்டுவதற்கா, வேறு எதற்காவதா என்று அவள் முகத்திலிருந்து எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஜூலையில் என்று சொல்லிவிட்டேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன், ஊரில் இனி என் முகத்தைக் காட்ட என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத வரவில்லை. சில நாள் தீர்ந்தது போல இருக்கிறது, சில நாள் காலையில் எழும்போதே கூட வருகிறது. நீங்கள் எதிரில் இருந்தால் கேட்டுத் தீர்க்கலாம், சண்டை போடலாம். இருபத்தாறு நாளுக்கு ஒரு முறை என்னால் சண்டை போட முடியாது. நிர்மலுக்கு மீசை அரும்புகிறது. அவன் இதையெல்லாம் ஒரு நாள் இன்டர்நெட்டில் படிப்பான், அப்போது அவன் கேட்பதற்குப் பதில் சொல்ல நீங்கள் இங்கே இருக்க வேண்டும். என்னால் தனியாக முடியாது.

ஜூலையில் வந்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பிள்ளைகளோடு நானும் வருவேன். பொழுது சாய்வதற்குள் வருகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள், வீட்டில் சாப்பாடு வைத்திருப்பேன்.

ராஜமதி